ஒரு குவளைத் தயிர் எத்தனை கிராம்?

சுங்கை பெசார் வட்டாரத்துத் தோட்டக் கோயில் ஒன்றில் திருவிழா நடைபெறவிருக்கிறது என வைத்துக்கொள்வோம். நூறு பேருக்குத் தயிர்சாதம் வழங்க வேண்டும். சமையலில் கைதேர்ந்த பாட்டி ஒருவர், "ஆளுக்கு அரைக் குவளை அரிசி, அரைக் குவளை தயிர்" என்று கணக்குச் சொல்கிறார். கடைக்காரரோ இரண்டையும் கிலோகிராமில்தான் விற்கிறார். குவளைக் கணக்கை எடைக் கணக்காக மாற்றத் தெரியாவிட்டால் பந்தியில் பற்றாக்குறை ஏற்படும். அல்லது நன்கொடைப் பணம் வீணாகும்.

குவளை காட்டுவது கொள்ளளவு. அதாவது, ஒரு பொருள் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது. நிறுவை காட்டுவது எடை. இவ்விரண்டையும் இணைப்பது அடர்த்தி. ஒரு மில்லிலிட்டர் நீரின் எடை ஏறத்தாழ ஒரு கிராம். தயிரின் பெரும்பகுதி நீரே. எனினும், புரதம், பாற்சர்க்கரை, தாது உப்புகள் ஆகியவை அதில் கலந்திருப்பதால் தயிர் நீரைவிடச் சற்றுக் கனமானது. ஒரு மில்லிலிட்டர் தயிர் ஏறக்குறைய 1.03 கிராம் இருக்கும். ஆகவே, 250 மில்லிலிட்டர் குவளை நிறைய எடுத்த தயிரின் எடை சுமார் 257 கிராம்.

அரிசி அப்படியன்று. அரிசி மணிகளுக்கிடையே காற்று நிரம்பிய இடைவெளிகள் உள்ளன. அதனால், அதே குவளையில் சுமார் 200 கிராம் அரிசிதான் கொள்ளும். கோதுமை மாவோ சுமார் 130 கிராம்தான் இருக்கும்.

இப்போது திருவிழாக் கணக்குக்கு வருவோம். அரைக் குவளை என்பது 125 மில்லிலிட்டர். நூறு பேருக்கு 12.5 லிட்டர். "ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ" என்று எண்ணி 12.5 கிலோகிராம் தயிர் வாங்கினால், கடைசி மூவருக்குத் தயிர் இராது. உண்மையில் ஏறத்தாழ 13 கிலோகிராம் தேவை. அரிசியையும் அவ்வாறே 12.5 கிலோகிராம் வாங்கினால், 2.5 கிலோகிராம் மிஞ்சிவிடும்; 10 கிலோகிராமே போதுமானது.

நெல் விளையும் இவ்வட்டாரத்துக்கு இச்சிக்கல் புதிதன்று. முன்பு அரிசியைக் 'காந்தாங்' என்னும் முகத்தலளவையால் அளந்தனர். ஒரு காந்தாங் என்பது சுமார் 4.5 லிட்டர், அதில் ஏறத்தாழ 3.6 கிலோகிராம் அரிசி கொள்ளும். ஆனால், அளப்பவர் குலுக்கி அளந்தால் ஓர் எடையும் குலுக்காமல் அளந்தால் வேறோர் எடையும் கிடைக்கும். வாங்குபவர், விற்பவர் இருவருக்கும் பொதுவான அளவு தேவைப்பட்டது. மலேசியாவில் 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழிவகுத்தது.

வீட்டிலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். முதலில் வெறும் குவளையை நிறுக்கவும். பிறகு அதில் தயிரை நிரப்பி, மேற்பரப்பைச் சமப்படுத்தி மீண்டும் நிறுக்கவும். இரண்டாவது எடையிலிருந்து முதல் எடையைக் கழித்தால் தயிரின் எடை கிடைக்கும். ஆனால், இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். தேநீர்க் குவளைகள் எல்லாம் ஒரே அளவுடையவை அல்ல. ஆகவே, மில்லிலிட்டர் குறியிட்ட அளவுக் குவளையையே பயன்படுத்த வேண்டும். மேலும், நுரை வரக் கடைந்த தயிரில் காற்று புகுந்திருப்பதால் அதன் எடை குறைவாகக் காட்டும். எனவே, கடையும் முன்பே அளக்க வேண்டும்.

இவ்வாறு தயிர், அரிசி, மாவு, சர்க்கரை ஆகியவற்றை நிறுத்து, ஒரு சிறிய அட்டவணை தயாரித்துச் சமையலறையில் ஒட்டி வைக்கலாம். அடுத்த திருவிழாவில், பாட்டி சொல்லும் குவளைக் கணக்கைக் கடைக்காரரிடம் கிலோகிராமில் கூற அது உதவும்.