சுவைத்துப் பாராமல் சுடும் வாழைப்பழ அப்பம்

திருப்புகழின் விநாயகர் துதியில் கனியையும் அப்பத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பாடினார் அருணகிரிநாதர். அவ்விரண்டும் ஒன்றாகக் கலந்ததே வாழைப்பழ அப்பம். தஞ்சை மாவட்டம் கோவிலடியில் பெருமாளுக்கு ‘அப்பக்குடத்தான்’ என்றே திருநாமம். கேரளத்தின் கொட்டாரக்கரை கணபதி ஆலயத்திலோ பழம் சேர்ந்த உண்ணியப்பமே புகழ்பெற்ற பிரசாதம். திருக்கார்த்திகையன்று நம் இல்லங்களிலும் நெய்யப்பம் மணக்கிறது.

நிவேதனப் பண்டத்தைப் படைக்கும் முன் சுவைத்துப் பார்ப்பது மரபன்று. ஆகவே நாவின் வேலையை அளவும் கண்ணும் காதும் செய்தாக வேண்டும். அப்பம் செய்வோர் அறிய வேண்டிய நுட்பம் இதுவே.

ஒரு கிண்ணம் பச்சரிசிக்கு முக்கால் கிண்ணம் பொடித்த வெல்லம், கனிந்த வாழைப்பழம் ஒன்று, தேங்காய்த் துருவல் இரண்டு கரண்டி, ஏலக்காய் நான்கு. ‘இன்னும் ஒரு பழம் சேர்த்தால் மேலும் மென்மையாகும்’ என்று எண்ண வேண்டாம். பழம் மிகுந்தால் அப்பம் நெய்யை உறிஞ்சும். உள்ளே வேகாமல் பிசுபிசுக்கும். முன்பே பூஜையில் படைத்த பழத்தை மீண்டும் நிவேதனத்திற்குப் பயன்படுத்தலாகாது. புதிய பழமே வேண்டும்.

அரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நீரை வடித்து, தேங்காய், ஏலக்காயுடன் அரையுங்கள். வெல்லத்தைச் சிறிதளவு வெந்நீரில் கரைத்து, மண் நீங்க வடிகட்டி, ஆறியபின் மாவில் சேருங்கள். இறுதியாகப் பழத்தை இட்டு ஒரு சுற்று அரைத்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். மாவு தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும். நீர்த்துவிட்டால் ஒரு கரண்டி அரிசி மாவு கலந்து சரிசெய்யலாம்.

நெய் காய்ந்ததும் ஒரு துளி மாவை விடுங்கள். அடியில் தங்கினால் சூடு போதாது. மூழ்கி உடனே மேலெழுந்தால் பதம் சரி. நொடியில் கறுத்தால் சூடு மிகை. அடுத்து, நெல்லிக்காய் அளவில் ஓர் அப்பம் மட்டும் சுட்டுப் பிட்டுப் பாருங்கள், உண்ண வேண்டாம். நடுவில் ஈரமாவு தெரிந்தால் தீயைக் குறையுங்கள். வெல்லமும் பழமும் விரைவில் சிவப்பவை. நிறத்தை மட்டும் நம்பி எடுத்தால் உட்புறம் வேகாது. பிறகு மிதமான தீயில் ஒவ்வொரு கரண்டியாக ஊற்றி, மேலெழுந்ததும் திருப்பிவிடுங்கள். சலசலப்பு அடங்குவதே வெந்ததற்கு அடையாளம். அப்பக்காரை இருப்பின் குழிதோறும் நெய்யிட்டு, முக்கால் பங்கு மாவு ஊற்றிக் கம்பியால் திருப்பலாம்.

எண்ணெயில் சுடுவோர் இறுதியில் ஒரு கரண்டி நெய்யை மாவிலேயே சேர்த்தால் மணம் குறையாது.

நிவேதனமும் தீபாராதனையும் முடிந்தபின் குழந்தைகளுக்கும் அண்டை வீட்டாருக்கும் அளித்துவிட்டு, நீங்களும் ஒன்றைப் பிட்டு வாயிலிடுங்கள். இனிப்பு எவ்வாறு அமைந்தது என்பதை அப்போதுதான் நீங்களும் அறிவீர்கள்.