படகும் கையும் பத்திரம்



கடற்கரைச் சபைகளிலிருந்து எங்களைத் தாங்கிவரும் உங்களில் பலருக்குப் பைபர் படகு உண்டு. விரிசல் கண்டால் எபாக்சி பிசின் வாங்கி நீங்களே அடைத்துக்கொள்கிறீர்கள். அதைப்பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

பைபர் படகுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர் பிசினால் கட்டப்படுகின்றன. அதில் கேட்டலிஸ்ட்டைச் சில துளிகள் கூட்டினால் சீக்கிரம் இறுகும். அந்தப் பழக்கத்தில் எபாக்சிக்கும் ஹார்டனரைக் கூட்டி ஊற்றிவிடுகிறோம். இது தவறு. எபாக்சியில் பிசினும் ஹார்டனரும் ஒன்றோடொன்று இணைந்தே கெட்டியாகின்றன. டப்பாவில் 5-க்கு 1 என்றிருந்தால் அந்த அளவுதான். மிஞ்சியது இணையாமல் நின்றுவிடும், ஒட்டு உறுதிப்படாது. கடலில் அது விட்டுப்போனால் ஆபத்து உயிருக்குத்தான்.

முதலில் உப்பை நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். விரிசலின் ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் நனைத்து ஒட்டுங்கள். சிறிது சிறிதாகவே கலக்குங்கள். ஆழமான டப்பாவில் நிறையக் கலந்தால் தானே சூடேறிப் புகையும். இறுகியபின் பெயிண்ட் அடியுங்கள். வெயில் எபாக்சியைக் கெடுக்கும்.

மருத்துவமனை என்ற முறையில் நாங்கள் வற்புறுத்துவது கையுறையை. இறுகாத எபாக்சி அடிக்கடி தோலில் பட்டால் ஒவ்வாமை உண்டாகலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது. பிறகு சிறிது பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் வரும். கையில் பட்டதைத் தின்னரால் துடைக்காமல் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தேய்க்கும்போது தூசிக்கு முகமூடி அணியுங்கள்.

படகைப் போலவே கையும் உங்கள் பிழைப்பு. இரண்டையும் காத்துக்கொள்ளுங்கள்.