காட்சியுள் மறைந்த திகதி

காலஞ்சென்ற எமது தந்தையார் முற்றத்திற் பொங்கற்பானையில் அரிசியிடும் காட்சியை அண்மையிற் கணினியிற் கண்டோம். அஃது அவர்தம் இறுதிப் பொங்கலா, அதற்கு முந்தியதா என்று வீட்டில் வாதம் எழுந்தது. கோப்பின் திகதியோ பிரதிசெய்த நாளையே காட்டிற்று.

சோனியும் பனசொனிக்கும் 2006இல் அறிவித்த ஏ.வி.சி.எச்.டி. முறையிற் பதியும் வீடியோக் கமராக்கள், படம்பிடித்த நாள், நேரம், லென்சின் துவார அளவு, ஒளிபடும் கால அளவு முதலியவற்றையும் காட்சியோடு பொதிந்து வைப்பதுண்டு. எக்சிஃப்டூல் என்னும் இலவச மென்பொருள் அவற்றை வாசித்துக் காட்டும்.

எமக்குக் கிடைத்த விடை: 2012 ஜனவரி 15, காலை 6.10. துவாரம் அகலத் திறந்திருந்தமை விடியற்பொழுதின் மங்கிய ஒளிக்குப் பொருந்திற்று. ஆதலின் கமராவின் கடிகாரத்தையும் நம்பினோம். அது தந்தையாரின் இறுதிப் பொங்கலே.

கோப்பை வேறு வடிவுக்கு மாற்றின் இக்குறிப்புகள் அழிந்துபோதலும் கூடும். மூலப்பதிவைப் பேணி வைத்தல் நம் கடனாகும்.