உங்களுக்குத் தெரியுமா? மிஞ்சியிருப்பது ஒரு தாயும் மகளும்

வடக்கு வெள்ளைக் காண்டாமிருகம் என்ற கிளையினத்தில் இன்று உலகில் இருப்பவை இரண்டே இரண்டுதான். தாய் நாஜின், மகள் ஃபாட்டு. கென்யாவின் ஓல் பெஜெட்டா காப்பகத்தில் ஆயுதக் காவலுடன் வாழ்கின்றன. நாஜினின் தந்தை சூடான்தான் கடைசி ஆண். 2018 மார்ச்சில், 45ஆவது வயதில் அது இறந்தது. 1960களில் 2,000க்கும் மேல் இருந்த விலங்கு! கொம்புக்காக நடந்த வேட்டையும் மத்திய ஆப்பிரிக்காவின் உள்நாட்டுப் போர்களும் சேர்ந்து அதைத் துடைத்துவிட்டன.

தாயும் மகளும் கருவைச் சுமக்கும் உடல்நிலையில் இல்லை. ஆனாலும் அறிவியலாளர்கள் கைவிடவில்லை. 2019 ஆகஸ்டில் இரண்டுக்கும் மயக்க மருந்து கொடுத்து, அல்ட்ராசவுண்ட் துணையோடு நீண்ட ஊசியால் 10 கருமுட்டைகளை எடுத்தார்கள். அவை இத்தாலியின் கிரெமோனா நகருக்குப் பறந்தன. எப்போதோ இறந்துபோன ஆண்களின் உறைந்த விந்தணு அங்கே காத்திருந்தது. முதுமை கருதி 2021இல் நாஜினுக்குக் கருமுட்டை எடுப்பதிலிருந்து ஓய்வு கொடுத்துவிட்டார்கள். அது சரியான முடிவு. இப்படி உருவான 30க்கும் மேற்பட்ட கருக்கள் இன்று மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உள்ளன.

வாடகைத்தாய் யார்? நெருங்கிய உறவான தெற்கு வெள்ளைக் காண்டாமிருகம். ஒத்திகையாக 2023 செப்டம்பரில் தெற்கு வகைக் கருவையே அப்படி ஒரு பெண்ணுக்குள் வைத்தார்கள்; கரு வளர்ந்தது. ஆனால் பெருமழையில் பரவிய பாக்டீரியாத் தொற்று, சில வாரங்களில் அந்தத் தாயைக் கொன்றது. வயிற்றில் 70 நாள் வளர்ந்த, 6.4 செ.மீ. நீள ஆண் கரு இருந்தது. இந்த முறை பலிக்கும் என்பதற்கு அதுவே முதல் சான்று.

இந்த முயற்சிக்கு அவசரமும் உண்டு. பிறக்கும் குட்டி தன் இனத்தின் நடத்தையைக் கற்க வேண்டுமானால், அப்போது நாஜினும் ஃபாட்டுவும் உயிரோடு இருக்க வேண்டும்.