பணம் வாங்கப் பின் நம்பர் எதற்கு?

பழைய ஃப்ரிட்ஜை விற்க இணையத்தில் விளம்பரம் போட்ட அரை மணி நேரத்தில் போன் வருகிறது. பேரமே பேசாத ஆள். பொருளை நேரில் பார்க்கவும் அவருக்கு ஆசையில்லை. "நான் மிலிட்டரில இருக்கேன் சார், இப்பவே பணம் போட்டுடறேன்" என்கிறார். வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு வந்து விழுகிறது. அதன் கீழே, '8,000 ரூபாய் உங்களுக்கு வரவு' என்று பச்சை எழுத்து. ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் வந்துவிடுமாம். போட்டதும் கணக்கிலிருந்து 8,000 ரூபாய் போய்விடுகிறது.

இந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் 1994-இல் ஜப்பானில் பிறந்தது. கார் உதிரிபாகங்களுக்குக் கணக்கு வைக்க டென்சோ நிறுவனப் பொறியாளர் மசாஹிரோ ஹராவின் குழு உருவாக்கியது. மூன்று மூலைகளில் இருக்கும் சதுரங்களைப் பாருங்கள். நடுவே எந்தத் திசையில் கோடு இழுத்தாலும் கறுப்பும் வெள்ளையும் 1:1:3:1:1 என்ற விகிதத்தில் மாறி மாறி வரும். அச்சிட்ட தாள்களில் மிக அரிதாகத் தென்படும் விகிதம் எது என்று தேடித் தேடிப் பிடித்தது அது. அதனால்தான் எத்தனை எழுத்துக் குப்பைக்கு நடுவிலும் கேமரா கட்டத்தைக் கண்டுகொள்கிறது. தேவைப்பட்டால், சுமார் 30 விழுக்காடு வரை சிதைந்தாலும் படிக்கும்படி இதை அமைக்கலாம்.

இத்தனை சாமர்த்தியமும் ஒரு சின்ன வரியைச் சுமப்பதற்குத்தான். பணம் கட்டும் யுபிஐ கட்டத்தில் அந்த வரி சொல்வது இதுதான்: இந்த முகவரிக்கு, இந்தப் பெயருக்கு, இவ்வளவு ரூபாய் செலுத்து. ஸ்கேன் செய்பவருக்குப் பணம் கொடு என்று அதில் எழுத வழியே இல்லை. அந்தப் பச்சை எழுத்து? வெறும் அலங்காரம். ஸ்கேனர் அதைச் சட்டை செய்வதே இல்லை.

நீங்கள் போடும் பின் நம்பர் போனிலேயே மறைகுறியீடாக மாறி, யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ வழியாக உங்கள் வங்கிக்குப் போகிறது. இருப்பைப் பார்க்கவும் அதைக் கேட்பார்கள். மற்றபடி, கணக்கில் கழிக்கலாம் என்று நீங்கள் தரும் சம்மதம் அது. பெறுபவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உண்டியலில் காசு போடச் சாவி வேண்டுமா என்ன?

தனிநபர்கள் ஒருவருக்கொருவர் 'பணம் அனுப்பு' என்று யுபிஐ-யில் கோரிக்கை விடும் வசதியும் இதே மோசடிக்குப் பயன்பட்டது. 2025 அக்டோபரில் அதை நிறுத்திவிட்டார்கள். க்யூஆர் படத்தை யார் நிறுத்துவது? ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் உண்டு.

இந்த ஆசாமிகள் நம்பிக்கை வருவதற்காக முதலில் நிஜமாகவே ஐந்து ரூபாய் அனுப்புவதுண்டு. குட்டு உடைவதும் அங்கேதான்: அந்த ஐந்து ரூபாய் வந்தபோது உங்களிடம் யாரும் பின் நம்பர் கேட்கவில்லை.