சிறு தேயிலைத் தோட்டத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும்?

நீலகிரியின் இத்தலார், மஞ்சூர் பகுதிகளில் சிறிய அளவில் தேயிலை வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. வீட்டு ஆட்கள் போதாதபோது பறிப்புக்கும் கவாத்துக்கும் வெளியாட்களை அழைக்கிறார்கள். 'ஆட்களைத் தொடர்ந்து வைத்தால் எஸ்டேட் சட்டமெல்லாம் நமக்கும் வந்துவிடுமோ?' என்ற தயக்கம் பலருக்கு உண்டு. ஆளைக் குறைத்தால் பறிப்புச் சுற்று தள்ளிப்போகும், இலை முற்றும், தரமும் விலையும் இறங்கும். எனவே வரம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

வரம்புக்கு மேல்

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொடக்கத்தில் 25 ஏக்கரும் 30 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்குப் பொருந்தியது. 1981ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இது 5 ஹெக்டேர், 15 தொழிலாளர்கள் எனக் குறைந்தது. 5 ஹெக்டேர் என்பது சுமார் 12.35 ஏக்கர். குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் போன்ற கடமைகள் அந்த அளவுத் தோட்டங்களுக்கே. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தேயிலைக்கு 5 ஹெக்டேர் வரம்பே தொடர்கிறது. வருங்கால வைப்புநிதிக்கு 20 பேர், பணிக்கொடைக்கு 10 பேர் என்பது பொதுவான அளவு. இரண்டு ஏக்கர்காரர் இவற்றுக்குப் பயப்பட வேண்டியதில்லை.

எண்ணிக்கை பார்க்காதவை

சில விதிகளுக்கு ஒரே ஒருவரை வேலைக்கு வைத்தாலும் விலக்கில்லை. அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கூலிக்கு வைக்கக் கூடாது. கவாத்து இயந்திரம், பறிப்பு இயந்திரம் பயன்படுத்துவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். விசையால் இயங்கும் கருவிகளைக் கொண்டு விவசாய வேலை செய்வோர், 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டப் பட்டியலிலேயே இடம்பெற்றவர்கள்.

தொழிற்சாலைச் செலவு யாருடையது?

ஊதியம், வைப்புநிதி, உரிமம் என்று செலவு கூடுவதால்தான் இலை விலையைக் குறைக்கிறோம் என்று சொல்லப்படுவதுண்டு. தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணை 2003-இன் கீழ், தேயிலைத்தூள் விற்பனை விலையை விவசாயியும் தொழிற்சாலையும் 65:35 என்று பகிர வேண்டும். தூள் கிலோ 100 ரூபாய்க்குப் போனால் 65 ரூபாய் இலைக்கு உரியது. ஒரு கிலோ தூளுக்கு நாலரை கிலோ இலை என்று வைத்தால், இலை கிலோவுக்குச் சுமார் 14 ரூபாய் 40 காசு. தொழிற்சாலையின் ஆள் செலவு மீதி 35 ரூபாயில் அடங்க வேண்டியது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் விலையோடு உங்கள் ரசீதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வரம்புக்குக் கீழே இருப்பவர்

சிறு விவசாயிக்குக் கிடைக்கும் விலக்கின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். எஸ்டேட் தொழிலாளிக்கு ஆஸ்பத்திரியும் வைப்புநிதியும் உண்டு. ஒரு ஏக்கரில் பறிக்கும் பெண் சரிவில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தால் அவருக்கு இரண்டும் இல்லை. அந்த இடைவெளியைக் கொஞ்சமாவது நிரப்ப நம்மால் முடியும்.

செய்ய வேண்டியவை

* வேலைக்கு வந்தவர் பெயர், நாள், கிலோ, கொடுத்த கூலி ஆகியவற்றை ஒரே நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்குங்கள். மருந்து தெளித்த தேதியையும் அதிலேயே குறியுங்கள். எச்ச அளவு பற்றிக் கேள்வி வந்தால் இதுவே சான்று.
* 16 முதல் 59 வயதுள்ள, வைப்புநிதி, இ.எஸ்.ஐ. இல்லாத தொழிலாளர்கள் ஆதார், வங்கிக் கணக்கு விவரத்தோடு இ-ஷ்ரம் தளத்தில் பதியலாம். பொதுச் சேவை மையத்துக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.
* சுயஉதவிக் குழுவாகச் சேர்ந்து பறிப்பு ஆட்களை முறை வைத்து அழைத்தால், ஆளுக்கும் தொடர்ந்து வேலை, இலைக்கும் சரியான சுற்று. குழுவே நேரடியாக ஆட்களை வேலைக்கு அமர்த்தினால், எண்ணிக்கை 10ஐத் தொடும் முன் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்கள் அடுத்த கூட்டத்தில் உர அளவைச் சொல்லும்போது, இந்த வரம்புகளையும் சேர்த்துச் சொன்னால் வீண் பயமும் குறையும், வேலைக்கு வருபவருக்கும் ஒரு பிடிப்பு கிடைக்கும்.