சுத்தியல் இறங்கும் அந்த நொடி

காவாந்தண்டலத்தில் செய்யாற்றுப் பக்கம் நிலம் வைத்திருக்கும் ஒரு குடும்பம். பெரியவர் காலமானதும் அவருடைய பிஸ்டல் மகன் பெயருக்கு மாற வேண்டியிருந்தது. அதைச் சட்டப்படி காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசுக்கு லைசென்ஸ் கிடைத்த பிறகுதான் திரும்பப் பெற முடியும். பிஸ்டல் ஜெர்மனியில் செய்த வால்தர் பி.பி.கே., 7.65 மி.மீ. மகன் என்னிடம் கேட்டார்: “இதே மாடல் இப்பவும் புதுசா வருதாமே அண்ணே, பழசைவிட அது நல்லதுதானே?”

இந்தியாவில் சாதாரண லைசென்ஸ்காரர் வெளிநாட்டுப் பிஸ்டலை இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுவிட்டது. பரம்பரையாக வந்த பழைய வால்தர், வெப்லி, பிரௌனிங் பிஸ்டல்களுக்கு நம் ஊரில் அவ்வளவு மதிப்பு இருப்பதற்குக் காரணம் அதுதான். ஆகவே வாங்குவது பற்றிய பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் அவருடைய கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே வரைபடத்திலிருந்து இரண்டு காலத்தில் செய்த இரண்டு பொருள்கள் ஏன் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்ற கேள்வி அதற்குள் இருக்கிறது.

வால்தர் கம்பெனி 1929இல் பி.பி. என்ற போலீஸ் பிஸ்டலையும், 1931இல் அதன் சிறிய வடிவமான பி.பி.கே.யையும் கொண்டுவந்தது. குழல் நீளம் 83 மி.மீ. தான். குழல் சட்டத்தோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருக்கும். மீளும் ஸ்பிரிங் அந்தக் குழலையே சுற்றியிருக்கும். தோட்டா வெடித்ததும் வாயு குண்டை முன்னே தள்ளுகிறது, அதே அழுத்தத்தில் காலித் தோட்டாவைப் பின்னே தள்ளுகிறது. குண்டின் எடை சுமார் 4.6 கிராம், வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர். பின்னால் இருக்கும் ஸ்லைடு அதைவிடப் பல மடங்கு கனமானது. அதனால் அது மெதுவாகவே நகரத் தொடங்கும். அது கணிசமாகப் பின்வாங்குவதற்குள் குண்டு குழலை விட்டுப் போய்விடும், உள்ளழுத்தமும் இறங்கிவிடும். தனியாகப் பூட்டு எதுவும் கிடையாது. எடையும் ஸ்பிரிங்கும்தான் பூட்டு.

இந்தப் பிஸ்டலின் உண்மையான சாமர்த்தியம் வேறிடத்தில் இருக்கிறது. குழலின் பின்முனையிலுள்ள அறையில் தோட்டா இருக்கும்போதே, பின்னிழுத்து நிற்கும் சுத்தியலைச் சுடாமல் கீழே இறக்கலாம். ஸ்லைடின் இடப்பக்கம் ஒரு சிறு நெம்பு உண்டு. அதைக் கட்டைவிரலால் கீழே அழுத்தினால் உள்ளே ஓர் உருளை திரும்பும். அது முதலில் தோட்டாவின் பின்புறத்தைத் தட்டும் ஊசியை நகரவிடாமல் பிடிக்கும். சுத்தியல் வந்து விழ வேண்டிய இடத்தில் ஊசியின் தலைக்குப் பதிலாகக் கெட்டியான எஃகு வந்து நிற்கும். இன்னும் கொஞ்சம் திரும்பியதும் சுத்தியலைப் பிடித்திருக்கும் கொக்கி விலகும். சுத்தியல் முழு வேகத்தில் விழுந்து அந்த எஃகில் மோதி நிற்கும். இதுபோக, விசையை இழுக்காத நேரத்தில் சுத்தியலுக்கு முன்னால் குறுக்கே நிற்க இன்னொரு தடுப்பும் சட்டத்துக்குள் இருக்கிறது.

முதலில் காவல், பிறகு சுத்தியல் என்ற வரிசை ஒருபோதும் மாறக்கூடாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு. நெம்பு திரும்பும் கோணம், கொக்கியின் விளிம்பு, தடுப்பின் உயரம் மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்தச் சிறு பங்கு காப்பாற்றப்படும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஜெர்மனியின் செல்லா-மெஹ்லிஸ் ஊரிலிருந்த வால்தரின் பழைய ஆலை சோவியத் பகுதிக்குள் போயிற்று. வால்தர் குடும்பம் மேற்கே உல்ம் நகரில் மறுபடி தொடங்கியது. 1952 முதல் பிரான்ஸின் மான்யுரைன் கம்பெனி லைசென்ஸில் செய்தது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் சிறிய கைத்துப்பாக்கிகளின் இறக்குமதியைத் தடுத்ததால், பி.பி.யின் உயரமான சட்டத்தில் பி.பி.கே.யின் ஸ்லைடைப் பொருத்தி பி.பி.கே./எஸ் என்று ஒன்றை உருவாக்கினார்கள். 1978இல் அலபாமாவில் உற்பத்தி தொடங்கியது. 2002இல் மெய்ன் மாநிலத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் அந்த உற்பத்தியை ஏற்றுக்கொண்டது.

அந்தக் கம்பெனி நல்ல மாற்றம் ஒன்றையும் செய்தது. பழைய பி.பி.கே.யைப் பெரிய கையால் பிடித்துச் சுட்டால், பின்வாங்கும் ஸ்லைடு கட்டைவிரல் கவட்டைக் கீறிவிடும். பிடியின் பின்புற வாலை நீட்டி அதைச் சரிசெய்தார்கள். ஆனால் 2009 பிப்ரவரியில் அவர்களே அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று: 2002 மார்ச் 21 முதல் 2009 பிப்ரவரி 3 வரை செய்த பி.பி.கே., பி.பி.கே./எஸ் பிஸ்டல்களில் நெம்பை அழுத்திச் சுத்தியலை இறக்கும்போது, விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்கக்கூடும். உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், திருப்பி அனுப்புங்கள், இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்றார்கள். ஏறக்குறைய ஏழு வருட உற்பத்தி! பாதுகாப்புக்கென்றே வைத்த உறுப்பில்தான் ஆபத்து இருந்திருக்கிறது.

பழைய பிஸ்டல்களில் தொழிலாளி கொக்கியையும் தடுப்பையும் அரத்தால் தேய்த்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்ப்பார். எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பது வரைபடத்தில் எழுதியிருக்காது, அவர் விரலில் இருக்கும். இயந்திரத்தில் வார்த்தும் கடைந்தும் செய்யும் பாகங்கள் எந்தப் பிஸ்டலிலும் பொருந்த வேண்டும். அதற்காக ஒவ்வொரு அளவுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். ஐந்தாறு பாகங்களின் விட்டுக்கொடுப்பு ஒரே திசையில் சேர்ந்துவிட்டால், முன்சொன்ன சிறு பங்கு காணாமல் போகும். கைப்பொருத்தத்தை நம்பிப் பிறந்த ஒரு வடிவத்தை நாடு நாடாக மாற்றும்போது, இந்தக் கணக்கைத் தொடக்கத்திலிருந்தே மறுபடி போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்காகப் பழையது எல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். போரின் கடைசி மாதங்களில் ஜெர்மனியில் செய்த பிஸ்டல்கள் அவசரத்தில் முடித்தவை. பார்த்தாலே மேற்பரப்பில் கடைசல் கோடுகள் தெரியும். நல்ல ஆண்டில் செய்ததிலும் ஸ்பிரிங் தளரும், கொக்கியின் விளிம்பு மழுங்கும். எண்பது வருடம் பீரோவில் இருந்த பிஸ்டலின் நெம்பை நம்பி அறையில் தோட்டாவோடு சுத்தியலை இறக்குவது, 2009இல் திரும்ப அழைத்த பிஸ்டலில் அதைச் செய்வதற்குச் சமம்.

பழைய வடிவத்தின் இத்தகைய மறுபிறப்பு நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர் பழைய வெப்லியின் வழிவந்தது. அதன் தொடர்ச்சியாக 2014இல் டைட்டானியம் கலவையில், பெண்களுக்கென்று, 500 கிராம் எடையில் ‘நிர்பீக்’ வந்தது. அப்போது அதன் விலை 1,22,360 ரூபாய். கைப்பையில் சுமக்க எடை குறைவு நல்லதுதான். ஆனால் குண்டின் உந்தம் மாறாதபோது ரிவால்வரின் எடையைக் குறைத்தால், அது பின்னே உதைக்கும் வேகம் அதே விகிதத்தில் கூடும். பழகாத கைக்கு இரண்டாவது குண்டு குறி தப்ப அதுவே போதும்.

காவாந்தண்டலத்துக்காரரிடம் சொன்னது இதுதான்: கையில் வந்ததும் துப்பாக்கி பழுதுபார்க்கும் தேர்ந்த ஆர்மரரிடம் கொடுத்து ஸ்பிரிங்குகளை மாற்றுங்கள், கொக்கியையும் தடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அறையில் தோட்டா வைக்கவே வேண்டாம். காலி செய்யும்போது முதலில் மேகசினை உருவுங்கள், பிறகு ஸ்லைடை இழுங்கள். வரிசையை மாற்றி ஸ்லைடை முதலில் இழுத்தால், அது திரும்பி மூடும்போதே மேகசினிலிருந்து அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். அதன்பின் மேகசினை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, பிஸ்டல் காலி என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.